வலப்பக்கத்துத் தேவதூதன்

கனகலிங்கம் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்தால், ஒரு பெண் ஜெர்மனில், "உங்களை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை" என்றார்.

கனகலிங்கம் ஸ்டுட்கார்ட்டில் பேருந்து ஓட்டுகிறவர். ஓய்வுபெறும் வயது கிட்டத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவரை எங்கே வைப்பது என்று வீட்டில் பேச்சு அடிபட்டதுண்டு. வெளியார் யாரும் அதுவரை கேட்டதில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, யார் பேசுவது என்று விசாரித்தார்.

"மோனிகா ஹீப்லர். ஹால்டன்ரீட்டிலிருந்து. அலோயிஸின் மகள்."

கனகலிங்கம் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

மோனிகா சுற்றி வளைக்கவில்லை. எண்பதுகளில் அவர்கள் ஊர்த் தேவாலயத்திலிருந்து களவுபோன மரத் தேவதூதன் அகப்பட்டுவிட்டான். டுசல்டோர்ஃபில் ஒரு பல் வைத்தியர் இறந்துபோக, அவருடைய பிள்ளைகள் வீட்டை ஒதுக்கியிருக்கிறார்கள். வாசல் அறையில் ஒரு தேவதூதன் முழங்காலில் இருந்து நாலைந்து குடைகளைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் நேர்மையானவர்கள், பொலிசுக்கு அறிவித்தார்கள். இப்போது அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். பலிபீடத்தின் இரு பக்கமும் இரண்டு இடங்கள்தான் உண்டு. தேவதூதர்கள் மூவர்.

"பழைய சோடியைத்தான் சேர்த்து வைக்கவேண்டும் என்று நினைவுச்சின்னத் திணைக்களம் சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் இறங்கவேண்டும். அப்பா இருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன். அவர் இல்லை. முகம் உங்களுடையது, அதனால் உங்களைக் கேட்கிறேன்."

"வந்து பார்க்கிறேன்" என்றார் கனகலிங்கம்.

கதை தொடங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பெர்லினிலிருந்து மேற்குக்கு ரயிலேறி, அகதியாகப் பதிந்த யாழ்ப்பாணத்து இளைஞர்களில் கனகலிங்கமும் ஒருவர். அதிகாரிகள் அவரைத் தெற்கே, அல்கோய் மலைப்பகுதியில் உள்ள ஹால்டன்ரீட்டுக்கு அனுப்பினார்கள். வியாபாரம் படுத்துப் பூட்டிக் கிடந்த ஒரு விடுதியில் கட்டில் கிடைத்தது. விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலை செய்யக்கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. பனி தாராளமாகப் பெய்தது.

விடுதிக்குப் பக்கத்தில் அலோயிஸ் ஹீப்லரின் மரச்செதுக்குப் பட்டறை. அங்கே நாள் முழுவதும் எரியும் ஓர் அடுப்பு இருந்தது. கனகலிங்கம் ஒருநாள் கதவைத் திறந்து உள்ளே போனார். அலோயிஸ் அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கனகலிங்கம் மறுநாளும் போனார்.

அந்தச் சமயத்தில் அலோயிஸுக்கு ஒரு சிக்கல் இருந்தது. தேவாலயத்தில் விளக்குத் தண்டை ஏந்தி முழங்காலில் இருந்த இரண்டு தேவதூதர்களும் இருநூறு வருடத்துக்கு மேற்பட்டவர்கள். வலப்பக்கத்தவன் களவுபோனதால், புதிதாக ஒருவனைச் செய்து தரும்படி ஊர் அவரிடம் கேட்டது. பழையவனைப் பார்த்துச் செய்ய ஒரு படம்தான் அகப்பட்டது. அது ஒரு கலியாணப் படம். அதில் மணமகளின் முக்காடு தேவதூதனின் முகத்தைச் சரியாக மறைத்திருந்தது.

ஆகவே ஒரு முகம் வேண்டும். ஊரில் முகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சென்கர்லே வீட்டுப் பையனை உட்காரவைத்தால் பர்க்ஹார்ட் குடும்பத்தார் அந்தப் பக்கம் ஒரு மெழுகுதிரிகூட ஏற்றமாட்டார்கள். பர்க்ஹார்ட் வீட்டுப் பையன் என்றால் சென்கர்லேக்கள் வேறு தேவாலயம் தேடுவார்கள். அலோயிஸ் கொஞ்ச நாள் யோசித்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். எந்த வீட்டையும் சேராத ஒருவன் அடுப்போடு ஒட்டிக்கொண்டு இருந்தான்.

இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இருக்கவில்லை. அலோயிஸ் ஒரு முக்காலியைக் காட்டினார். கனகலிங்கம் உட்கார்ந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். அசையாமல் இருப்பது அவருக்குக் கஷ்டமாக இல்லை. காத்திருக்கிற வேலையைத்தான் அரசாங்கமும் கொடுத்திருந்தது, இங்கே அதோடு சூடும் இருந்தது. மத்தியானம் பாணும் அவித்த முட்டையும் வரும். மீசையை எடுக்கும்படி அலோயிஸ் ஒருமுறை சைகை காட்டினார். கனகலிங்கம் "ஏலாது" என்றார். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை அலோயிஸ் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே விளங்கிக்கொண்டார். மீசைக்குக் கீழே என்ன இருக்கக்கூடும் என்று ஊகித்துச் செதுக்கி முடித்தார்.

லிண்டன் மரத்தில் உடம்பு. தனியாகச் செதுக்கிப் பூட்டிய சிறகுகள். அங்கிக்குத் தங்கத் தகடு. முகத்துக்கு நிறம் தீட்டும்போது அலோயிஸ் வழக்கமான ரோசாப்பூ நிறத்தில் கொஞ்சம் மண்நிறம் கலந்தார். இரண்டு தேவதூதர்களும் ஒரே நிறமாக இல்லையே என்று பங்குத் தந்தை கேட்டபோது, மெழுகுதிரிப் புகையில் இடப்பக்கத்தவனும் இந்த நிறத்துக்கு வந்துவிடுவான் என்றார்.

சிலையை ஏற்றிவைத்த ஞாயிற்றுக்கிழமை ஊரார் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் திட்டாவிட்டால் அது பெரிய பாராட்டு. பின்னர் கனகலிங்கத்தின் விண்ணப்பத்துக்கு நல்ல முடிவு வர, அவர் ஸ்டுட்கார்ட்டுக்கு வேலை தேடிப் போனார். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஹீப்லர் வீட்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினார். திரும்பிப் போகவில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டியவருக்கு அதற்குள் மறுபடி நுழைய மனம் வரவில்லை.

இதை அவர் மனைவி குணேஸ்வரிக்குச் சொன்னது, அந்தத் தொலைபேசி அழைப்பு வந்த நாளில்தான். குணேஸ்வரி சமையலறையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சரும், சனிக்கிழமை ஒரு இடத்துக்குப் போகவேண்டிக் கிடக்கு."

"எங்கை?"

"மலைப்பக்கம். அங்கை வேதக் கோயில் ஒண்டில என்ர சிலை இருக்கு. எடுக்கப்போகினமாம்."

குணேஸ்வரி கத்தியைக் கீழே வைத்தார். "ஆற்ரை சிலை?"

"என்ர."

"உங்களுக்குச் சிலை வைக்கிற அளவுக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"சும்மா இருந்தனான்."

குணேஸ்வரி வெட்டிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டார். "கலியாணம் கட்டி முப்பது வருசமாச்சு. ஒருநாளும் சொல்லேல்லை."

"நீர் கேக்கேல்லை."

ஒருவேளை சிலையை ஏற்றவேண்டி வந்தால் வான் வேண்டும். வான் வைத்திருந்தவர் ஜேசுரட்ணம். கனகலிங்கத்தோடு பேருந்து ஓட்டுகிற நண்பர், நல்ல கத்தோலிக்கர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. குணேஸ்வரியும் கூடவே ஏறிக்கொண்டார். போகிற வழியில், ஊல்ம் நகரைத் தாண்டும்வரை ஜேசுரட்ணம் வாயைத் திறக்கவில்லை.

"ஞானஸ்நானம் எடுத்தது நான்" என்றார் பிறகு. "ஒரு ஞாயிறும் விடாமல் பூசைக்குப் போறது நான். சம்மனசு ஆனது நீ."

"என்னை அங்கை அனுப்பினவங்கள். உன்னை வூப்பர்டாலுக்கு அனுப்பினவங்கள். அதுக்கு நான் என்ன செய்யிறது?"

"வூப்பர்டாலிலயும் கோயில் இருந்தது" என்றார் ஜேசுரட்ணம். மலைகள் தெரியத் தொடங்கின.

மோனிகாவின் பட்டறை அலோயிஸின் காலத்தைவிட மூன்று மடங்கு பெருத்திருந்தது. உள்ளே எட்டுப் பேர் உளியும் சுத்தியலுமாக நின்றார்கள். மூலையில் ஒரு கணினி இயந்திரம் கட்டையைச் சுற்றிச் சுற்றிக் கடைந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு தேவாலயம் பன்னிரண்டு சீடர்களையும் ஆளுயரத்தில் கேட்டிருந்ததால் நடக்க இடமில்லை. மோனிகா அவர்களைச் சீடர்களுக்கு இடையால் கூட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனார்.

உள்ளே ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பங்குத் தந்தை குரியாக்கோஸ் கேரளத்துக்காரர். ஒருவழியாக அவருடைய பாஷைக்காரர் வந்துவிட்டார் என்று ஊரார் மகிழ்ச்சியோடு இருவரையும் பார்த்தார்கள். குரியாக்கோஸும் கனகலிங்கமும் கைகுலுக்கி, ஜெர்மனில் நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

ஜேசுரட்ணம் பழக்கதோஷத்தில் பலிபீடத்தின் முன்னால் முழங்காலிட்டுச் சிலுவை போட்டார். நிமிர்ந்தபோது வலப்பக்கத்தில் யார் இருக்கிறார் என்று கண்டார். எழும்பி, வேகமாகப் பின்வரிசைக்குப் போய்விட்டார்.

கனகலிங்கம் நேரே நின்று பார்த்தார். அந்த வயதில் எடுத்த படம் அவரிடம் ஒன்றும் இல்லை. அதிகாரிகள் எடுத்த படங்களில் எல்லாரும் ஒரே முகம்தான். அந்தக் குளிர்காலத்தை நினைத்தால், பயந்துகொண்டே இருந்த ஞாபகம்தான் அவருக்கு வரும். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று ஒவ்வொரு நாளும் பயம். மேலே இருந்த பையனின் முகத்தில் அது இல்லை. கண் பாதி சொருகி, வாய் இலேசாகத் திறந்து, வெயிலில் கிடக்கிற பூனையைப் போல இருந்தான். பயம் இருந்தும் அலோயிஸ் செதுக்காமல் விட்டாரா, அல்லது அடுப்படிக்கு வந்ததும் அது தானாகவே கழன்றுவிட்டதா? இப்போது அதைக் கேட்க ஆளில்லை.

குணேஸ்வரி பார்த்தது வேறொன்றை. மீசை இல்லாத கணவனை அவர் ஒருநாளும் கண்டதில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டு, சிலையின் மேலுதட்டை நிதானமாக ஆராய்ந்தார்.

"மீசை இல்லாட்டி இப்பிடித்தானோ இருக்கும்?" என்று கேட்டார்.

"அது அந்தாள் ஊகிச்சுச் செய்தது."

"சரி, விடுங்கோ. மீசை இருக்கட்டும்."

ஆட்கள் எதற்காக வந்திருந்தார்கள் என்பதைக் குரியாக்கோஸ் விளக்கினார். கனகலிங்கம் ஊரைவிட்டுப் போன வாரம், அவருடைய விண்ணப்பம் பலித்த செய்தியை அலோயிஸ் மதுக்கடையில் சொல்லியிருக்கிறார். பர்க்ஹார்டுக்கு அப்போது மாட்டுத்தொழுவம் கட்ட அனுமதி வராமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. அவர் போய் வலப்பக்கத்துத் தேவதூதனுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினார். அனுமதி வந்துவிட்டது.

"உடனேயா?" என்று கேட்டார் கனகலிங்கம்.

"மூன்று வருடம் கழித்து. ஆனால் வந்தது."

அன்றிலிருந்து ஹால்டன்ரீட்டில் யாருக்கு எந்தக் காகிதம் வரவேண்டியிருந்தாலும், எந்த வைத்தியசாலைத் தேதி கிடைக்கவேண்டியிருந்தாலும், வலப்பக்கத்தானிடம்தான் போவார்கள். குழந்தை வரம், மழை, மாட்டு நோய் எல்லாம் மற்ற புனிதர்களின் பொறுப்பு. இவன் காத்திருப்பதற்கு மட்டும்.

முன்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி ஊன்றுகோலோடு எழும்பினார். சென்கர்லே வீட்டு அம்மா. இடுப்பு மூட்டு மாற்றுவதற்கு ஒரு வருடத்துக்கு மேலாகத் தேதி கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"நீங்கள் நல்ல மனிதராகத் தெரிகிறீர்கள்" என்றார் கனகலிங்கத்திடம். "ஆனால் என் தேதி வருவதற்கு முன் இவனை எடுக்கவிட மாட்டேன்."

பின்னால் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். குரியாக்கோஸ் நிலைமையைச் சொன்னார். பழைய தேவதூதன் திங்கட்கிழமை ஏறியாகவேண்டும். இவனை வாசல் பக்கச் சுவரில் ஒரு தாங்கு அடித்து வைக்கலாம் என்று பங்குச் சபை விரும்புகிறது. அதற்குத் திணைக்களத்தில் விண்ணப்பம் போட்டாயிற்று. பதில் வரவில்லை. வரும்வரை வைக்க உலர்ந்த இடம் இல்லை. உடுப்பு மாற்றும் அறைச் சுவரில் ஈரம். பட்டறையில் சீடர்கள்.

ஆக, வலப்பக்கத்துத் தேவதூதன் தானே ஒரு விண்ணப்பத்துக்குக் காத்திருந்தான். இதை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

குணேஸ்வரிக்கு ஜெர்மன் நன்றாகவே விளங்கும். அவர் கணவனின் பக்கம் திரும்பினார். "நாப்பது வருசம் ஆகப்போகுது, பிள்ளை முழங்காலில இருக்கிறான். ஈரத்துக்கை விட்டிட்டுப் போகேலாது. கொண்டுபோவம்."

"வீட்டில இடம்?"

"உங்கட சைக்கிளை நிலவறைக்குக் கொண்டுபோங்கோ."

சென்கர்லே அம்மாவுக்கு இது திருப்தியளிக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து, ஸ்டுட்கார்ட் விலாசத்தைத் தன் உள்ளங்கையில் எழுதுவித்துக்கொண்டார்.

சிலையை இறக்கியபோதுதான் அதன் முதுகைக் கண்டார்கள். தோளிலிருந்து இடுப்புவரை தோணி மாதிரிக் குடைந்திருந்தது. "உள்ளுக்கை வெறும் கோறை" என்றார் ஜேசுரட்ணம். அன்று முழுவதிலும் அவர் ஓரளவு சந்தோசமாகச் சொன்ன வார்த்தை அதுதான். குடையாமல் விட்டால் மரம் காயும்போது வெடித்துவிடும், பழையவனுக்கும் முதுகு இப்படித்தான் என்று மோனிகா சொன்னார். சிறகுகளைக் கழற்றிப் போர்வையில் சுற்றினார்கள். உடம்பை வானின் நடு ஆசனத்தில் இருத்தி, பட்டி போட்டார்கள்.

தேவதூதன் வீட்டின் நடைவழியில், மேலங்கிகள் மாட்டும் இடத்துக்குக் கீழே குடியேறினான். முதல் வாரத்திலேயே கோயில் பரிபாலன சபைத் தலைவர் தொலைபேசியில் வந்தார். கனகலிங்கம் ஸ்டுட்கார்ட் முருகன் கோயில் சபையில் ஓர் உறுப்பினர்.

"கனகு அண்ணை, உங்கட வீட்டில வேதக்காரற்ரை சிலை ஒண்டு இருக்கெண்டு சனம் கதைக்குது."

"ஓம், இருக்கு."

"ஆற்ரை சிலை?"

"என்ர."

தலைவர் யோசித்தார். "உங்கடை எண்டால் பிரச்சினையில்லை" என்றார்.

சென்கர்லே அம்மா சொன்னபடி வந்தார். மூன்று ரயில் மாறி, மூன்றாம் மாடிக்கு ஊன்றுகோலோடு ஏறி, நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். குணேஸ்வரி தேத்தண்ணியும் வடையும் கொடுத்தார். இரண்டாவது தடவை வந்தபோது அம்மா ஆப்பிள் கேக் கொண்டுவந்தார். மூன்றாவது தடவை இருவரும் சமையலறையில் உட்கார்ந்து பிற்பகல் முழுக்கக் கணவன்மாரைப் பற்றிப் பேசினார்கள். தேவதூதனிடம் போக நேரம் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் அவருக்குத் தேதி வந்துவிட்டது. அவ்வளவு காலம் காத்திருந்தவருக்கு எப்படியும் வந்திருக்கும் என்று கனகலிங்கம் சொன்னார். அவர் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கதை கட்டடம் முழுக்கப் பரவியது. கீழ்மாடியில் இருந்த கோயம்புத்தூர்ப் பொறியாளர் ஸ்ரீஹரி, குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு இரண்டு வருடமாகப் பதில் இல்லாமல் இருந்தவர், ஒரு மாலை கதவைத் தட்டினார்.

"அங்கிள், எனக்கு இதுல எல்லாம் பெரிய பிலீஃப் கிடையாது. சும்மா ஒரு ட்ரை. ரெண்டு நிமிஷம் நிக்கலாமா?"

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நில்லுங்கோ" என்றார் கனகலிங்கம்.

யாரோ ஒருவர் போகும்போது தேவதூதனின் நெற்றியில் குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். குணேஸ்வரி ஈரத்துணியால் துடைத்தார். மறுநாள் மறுபடியும் பொட்டு இருந்தது. அவர் சந்தேகித்தது முழுக்க விருந்தாளிகளை அல்ல. ஆனால் கணவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஜேசுரட்ணமும் வேலை முடிந்து வரத் தொடங்கினார். அவருடைய தம்பிக்குக் கனடா விசா தாமதமாகியது. செபமாலையை உருட்டும்போது சுவரைப் பார்த்தபடிதான் இருப்பார்.

"ஏன்ராப்பா, நேர பாத்துச் சொல்லன்" என்றார் கனகலிங்கம்.

"உன்ர மூஞ்சையைப் பாத்து அருள்நிறைந்த மரியே சொல்ல என்னால ஏலாது. கடவுளுக்கு விளங்கும்."

கனகலிங்கம் காலைப் பணிக்குப் புறப்படும்போது நடைவழியில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே அந்தப் பையனைப் பார்ப்பார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. சில நாட்களில், தெருவில் பனி உறைந்திருக்கிறது, இன்றைக்கு வண்டி வழுக்கும் என்பதைப் போல ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். பேருந்தில் யாராவது பின்னாலிருந்து கத்தினாலும், சமிக்ஞை விளக்கு நெடுநேரம் சிவப்பில் நின்றாலும், முன்பைவிட அவருக்கு நிதானம் கூடியிருந்தது. அதை அவர் தன் வயதின் கணக்கில் எழுதினார்.

இரண்டாவது வசந்தத்தில் மோனிகா கூப்பிட்டார். தாங்குக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

புறப்படுவதற்கு முதல் நாள் குணேஸ்வரி மென்மையான துணி ஒன்றால் சிறகுகளின் மடிப்புகளில் தூசு தட்டினார். நெற்றியைத் துடைத்தார். பிறகு எட்டி நின்று பார்த்தார்.

"இந்த வயசில உங்களைக் கண்டிருந்தால் நான் ஓம் எண்டிருக்க மாட்டன்."

"ஏன்?"

"சரியான பஞ்சிப்பட்ட முகம். சோம்பேறி எண்டு நினைச்சிருப்பன்."

"அந்தநேரம் ஒரு வேலையும் இல்லை" என்றார் கனகலிங்கம்.

குணேஸ்வரி துணியை மடித்தார். "நாளைக்கு மூண்டு பேரும் போனால், ரெண்டு பேர்தான் திரும்பி வருவம்" என்றார். அதற்குப் பிறகு சமையலறையில் அவர் பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிட நெடுநேரம் கேட்டது.

வாசல் பக்கச் சுவரில், குடைக் கூடைக்கும் புனித நீர்த் தொட்டிக்கும் நடுவே தாங்கு அடித்திருந்தார்கள். பலிபீடத்திலிருந்து தூரம், ஆனால் உள்ளே வருகிறவர்களும் போகிறவர்களும் அவனைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கிருந்து முழுத் தேவாலயமும் அவன் கண்ணில் படும். மோனிகாவும் இரண்டு வேலையாட்களும் தூக்கிப் பூட்டினார்கள். குரியாக்கோஸ் நீர் தெளித்தார். சென்கர்லே அம்மா ஊன்றுகோல் இல்லாமல் முன்னும் பின்னும் நடந்து காட்டினார். தீர்ந்த விண்ணப்பங்களைப் பற்றி யார் யாரோ கனகலிங்கத்திடம் வந்து, அவர் ஏதோ அலுவலக அதிகாரி என்பதுபோல நன்றி சொன்னார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் "பரவாயில்லை" என்றார்.

உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு புகைப்படக்காரர் வந்திருந்தார். சிலைக்குக் கீழே கனகலிங்கமும் அதே மாதிரி முழங்காலில் இருந்து, கையில் ஒரு மெழுகுதிரியை ஏந்தினால் படம் பிரமாதமாக இருக்கும் என்றார்.

கனகலிங்கம் கல் தரையைப் பார்த்தார். முப்பது வருடமாகப் பேருந்தின் மிதியை அழுத்திய முழங்கால்கள்.

"முடியாது" என்றார். "வயதாகிவிட்டது. அது இனி மேலே இருக்கிறவனுடைய வேலை."

குரியாக்கோஸ் உடுப்பு மாற்றும் அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்தார். கனகலிங்கம் அதில் உட்கார்ந்து, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். ஒளி சரியில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று புகைப்படக்காரர் சொன்னார். கனகலிங்கம் அப்படியே இருந்தார்.